மறுசீரமைத்த ஜல்லோ படங்கள்: எந்த டிஸ்க், எந்தப் பதிப்பு, ஏன்?

கண்ணாடிக்கதவு எழுதியது:

ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட இழை இது. 1960, 70களில் இத்தாலியில் எடுத்த ஜல்லோ படங்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நெகட்டிவிலிருந்து ஸ்கேன் ஆகி ப்ளூரேயாகவும் 4கே டிஸ்க்காகவும் வந்துகொண்டே இருக்கின்றன. பிரிட்டனின் ஆரோ, ஷேம்லெஸ், 88 ஃபிலிம்ஸ், அமெரிக்காவின் செவரின், ப்ளூ அண்டர்கிரவுண்ட், வினிகர் சிண்ட்ரோம் என்று வெளியிடுகிறவர்கள் பலர். ஒரே படத்துக்கு நாலைந்து பதிப்புகள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு எதை வாங்குவது என்றே தெரிவதில்லை.

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மொழியில் ஜல்லோ என்றால் மஞ்சள். மிலானின் மொந்ததோரி பதிப்பகம் 1929இல் மஞ்சள் அட்டை போட்டு ஒரு துப்பறியும் நாவல் வரிசையைத் தொடங்கியது. நாளடைவில் இத்தாலியர்களுக்குக் குற்றக்கதை என்றாலே மஞ்சள்தான் என்றாகிவிட்டது. நாம் பேசுவது அதில் ஒரு கிளை: கறுப்புக் கையுறை, மழைக்கோட்டு, முகம் தெரியாத கொலையாளி, எதையோ பார்த்துவிட்டு எதைப் பார்த்தோம் என்று விளங்காமல் தவிக்கும் ஒரு சாட்சி.

அந்தச் சாட்சிக்காகத்தான் இழையைத் தொடங்கினேன். தாரியோ அர்ஜெண்டோவின் முதல் படமான 'தி பேர்ட் வித் த கிரிஸ்டல் ப்ளூமேஜ்' 1970இல் வந்தது. ரோமில் தங்கியிருக்கும் ஓர் அமெரிக்க எழுத்தாளர், இரவில் ஓர் ஓவியக்கூடத்துக்குள் நடக்கும் தாக்குதலைப் பார்க்கிறார். உதவ ஓடுகிறார். முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, பின்னால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். அவரால் செய்ய முடிந்ததெல்லாம் பார்ப்பது மட்டும்தான். படம் முழுக்க அந்தக் காட்சியை நினைவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார். அவர் பார்த்ததை நாமும் பார்த்திருக்கிறோம். விடை நம் கண்முன்னால்தான் இருந்தது.

இப்படிப்பட்ட படத்தை ஓரம் வெட்டி, இருட்டைக் கரியாக்கி, வண்ணத்தை வெளிறவைத்துக் காட்டினால் கதையையே பிடுங்கிக்கொண்ட மாதிரி. வேறு வகைப் படத்தில் மங்கல் பிரிண்ட் என்பது ஒரு குறை. ஜல்லோவில் அது சாட்சியத்தைக் கலைப்பது.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். எந்தப் படத்திலும் கொலையாளி யார் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

---

இரவுக்காட்சி எழுதியது:

நான் புதியவள். இணையத்தில் கிடைத்த ஒரு கோப்பில் அர்ஜெண்டோவின் 'ப்ரோஃபோந்தோ ரோஸ்ஸோ' (டீப் ரெட் என்ற பெயரில் இருந்தது) பாதி பார்த்தேன். ஒரே இருட்டு. கதாநாயகன் ஒரு வீட்டு நடைபாதையில் ஓடுகிறான், சுவரெல்லாம் ஓவியங்கள், அதில் ஏதோ முக்கியம் என்று அடுத்த ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது பழுப்புத் திட்டுகள் மட்டும்தான். நிறுத்திவிட்டேன். இந்தப் படத்துக்கு எந்த டிஸ்க் வாங்கலாம்? 105 நிமிடம் என்கிறார்கள், 127 நிமிடம் என்கிறார்கள், எது சரி?

---

கண்ணாடிக்கதவு எழுதியது:

இரவுக்காட்சி, நீங்கள் நிறுத்தியதே நல்லது. அந்த நடைபாதையைத் திட்டுகளாகப் பார்த்துவிட்டால் பிறகு வரும் எதற்கும் அர்த்தம் இருக்காது. மீதியை அந்தக் கோப்பில் தொடரவே வேண்டாம்.

இரண்டு நீளங்களுமே உண்மை. 1975இல் இத்தாலியில் வெளியானது ஏறத்தாழ 127 நிமிடம். வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஆங்கிலப் பதிப்பு ஏறத்தாழ 105 நிமிடம். வெட்டியதில் பெரும்பகுதி கொலைக் காட்சிகள் இல்லை. பியானோ கலைஞனாக வரும் டேவிட் ஹெம்மிங்ஸும் பத்திரிகையாளராக வரும் தாரியா நிகோலோதியும் சீண்டிக்கொள்ளும், சண்டை போடும் காட்சிகள். அவளுடைய சின்னக் காரில் அவன் இருக்கை உள்வாங்கித் தாழ்ந்து உட்கார்ந்திருப்பது மாதிரி விஷயங்கள். அவை போனால் படம் வேகமாகத்தான் ஓடும், ஆனால் அவர்கள் இருவர் மேலும் நமக்கு ஒட்டுதல் வராது.

வெட்டிய பகுதிகளுக்கு ஆங்கில டப்பிங் கிடையாது. அதனால் முழு நீளப் பதிப்பை ஆங்கிலத்தில் ஓட்டினால் நடுநடுவே பேச்சு இத்தாலிய மொழிக்குத் தாவும், கீழே சப்டைட்டில் வரும். டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அந்தப் படத்தின் வரலாறே அதுதான்.

ஆரோ 2016இல் 4கே மறுசீரமைப்பிலிருந்து கொண்டுவந்த பதிப்பில் இரண்டு நீளங்களும் இருந்தன. முதலில் வரும் தடித்த அட்டைப்பெட்டிப் பதிப்பு தீர்ந்துவிட்டாலும் சாதாரணப் பதிப்பு பிறகு வரும். பெட்டிக்காகப் பழைய விலையைப்போல் மூன்று மடங்கு கொடுக்க வேண்டாம். முதல் தடவை 127 நிமிடப் பதிப்பைப் பாருங்கள்.

---

பழைய_சுருள் எழுதியது:

இந்த வேலைக்குப் பக்கத்திலேயே இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சென்னையில் ஒரு லேபில் பழைய படங்களை ஃப்ரேம் ஃப்ரேமாகச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தேன். இத்தாலிக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு: அரவிந்தனின் மலையாளப் படமான 'தம்ப்' 2022இல் கான் விழாவில் மறுசீரமைப்பாகத் திரையிடப்பட்டதே, அந்த வேலை சென்னை பிரசாத் ஸ்டூடியோவிலும் இத்தாலியின் பொலோனியா நகரில் இருக்கும் லிம்மாஜினே ரித்ரோவாத்தா லேபிலும் சேர்ந்து நடந்தது.

சரி, ஜல்லோவுக்கு வருகிறேன். இந்தப் படங்களில் நிறைய டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தவை. டெக்னிகலரின் ரோம் கிளை 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சிக்கன வழி அது. சாதாரண 35 எம்எம் படத்தில் ஒரு ஃப்ரேமுக்கு, ஃபிலிமின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளில் நான்கு துளை உயரம். டெக்னிஸ்கோப்பில் இரண்டு துளைதான். அகலத் திரைப் படம், பாதி ஃபிலிமில். 1000 அடிச் சுருளில் 11 நிமிடம் எடுக்கிற இடத்தில் 22 நிமிடம் எடுக்கலாம். காட்சியைப் பக்கவாட்டில் அமுக்கும் அனமார்ஃபிக் லென்ஸும் வேண்டாம், சாதாரண லென்ஸ் போதும். அதனால் கேமராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோக முடிந்தது. முன்னாலும் பின்னாலும் ஒருசேரத் தெளிவு கிடைத்தது. ஒரு கண், ஒரு கத்தி நுனி, ஒரு கையுறைத் தையல் என்று அர்ஜெண்டோ அவ்வளவு நெருங்கிப் போவதில் இந்த லென்ஸுக்கும் பங்குண்டு.

ஆனால் தியேட்டர் பிரிண்டுக்கு அந்தச் சின்ன ஃப்ரேமைப் பெரிதாக்க வேண்டும். டெக்னிகலரின் சாய அச்சு முறை (நிறச் சாயங்களை ஃபிலிமில் ஒவ்வொன்றாக அச்சிடுவது) இருந்தவரை நெகட்டிவிலிருந்தே நேராக அச்சுக்குப் போனதால் படம் நன்றாக இருந்தது. பின்னாளில் நகலுக்கு நகல் எடுத்துப் பெரிதாக்கியபோது கிரெயின், அதாவது ஃபிலிமிலேயே இருக்கும் பொடிப்புள்ளிகள், அரிசி அரிசியாகத் துருத்திக்கொண்டு வந்தது. பழைய டேப்பும் டிவிடியும் அந்த நகல்களிலிருந்து வந்தவைதான். இப்போது இரண்டு துளை நெகட்டிவையே நேரடியாக ஸ்கேன் செய்கிறார்கள். இடைப்பட்ட தலைமுறைகள் எல்லாம் கழன்றுவிடுகின்றன. வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் இதுதான், 4கே என்ற எண்ணே எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை.

ஒரு வேண்டுகோள். 'கிரெயின் அதிகம், சரியாகச் சுத்தம் செய்யவில்லை' என்று டிஸ்க்குகளைத் திட்டி எழுதுகிறார்கள். பாதி ஃப்ரேமில் எடுத்த படத்தில் கிரெயின் இருக்கத்தான் செய்யும், அதில்தான் படமே இருக்கிறது. அதைத் துடைத்தால் முகம் மெழுகாகிவிடும், மழைக்கோட்டின் துணி நெசவு காணாமல் போகும். தானியங்கித் தூசு நீக்கி இன்னும் ஆபத்து. ஒரே ஃப்ரேமில் வந்து மறைகிற வெளிச்சப் புள்ளி எதுவானாலும் அதற்குத் தூசுதான். மழைத்துளியையும் கத்தியின் மின்னலையும் தின்றுவிடும். 127 நிமிடப் படம் என்றால் ஏறத்தாழ 1,83,000 ஃப்ரேம். மென்பொருள் எதை எடுத்தது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து திரும்பப் பார்க்க வேண்டும். பார்த்த டிஸ்க்குக்கும் பார்க்காத டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் மழைக்காட்சியில் தெரிந்துவிடும்.

---

ரோமாபுரி எழுதியது:

பழைய_சுருள் சார், இதற்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

நான் எடுத்துவைக்க விரும்புவது வடிவப் பிரச்சினை, அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். 'கிரிஸ்டல் ப்ளூமேஜ்' படத்தின் ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தோராரோ. 1998இல் அவர் எல்லாப் படங்களுக்கும் 2:1 என்ற ஒரே வடிவம் போதும் என்று ஒரு யோசனையை வைத்தார், அதற்கு யூனிவிசியம் என்று பெயர். அதன்பின் தான் முன்பு எடுத்த படங்களையும் அந்த வடிவத்துக்கு மாற்றினார். 2011இல் ஆரோ வெளியிட்ட ப்ளூரே அந்த 2:1 வடிவத்தில்தான் வந்தது. படம் எடுத்தது 2.35:1. பக்கவாட்டில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். 2017இல் அதே நிறுவனம் நெகட்டிவிலிருந்து புதிய 4கே மறுசீரமைப்பை முழு அகலத்தில் கொண்டுவந்தது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. எடுத்தவரே உயிரோடு இருந்து 'இப்படித்தான் வேண்டும்' என்கிறார். அவருக்கு இல்லாத உரிமை வாங்குகிறவருக்கு உண்டா?

---

கண்ணாடிக்கதவு எழுதியது:

ரோமாபுரி, இந்தக் கேள்வியை நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். ஸ்தோராரோ மேல் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி முடியாது. ஆனாலும் அவரது பேச்சை இதில் ஏற்க மாட்டேன்.

1970இல் அந்த ஃப்ரேமை அமைத்தபோது அவர் கண்முன் இருந்தது 2.35. அந்த ஓவியக்கூடக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவர், பெரிய சிற்பங்கள், நடுவில் காயம்பட்ட பெண், இந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் பூச்சி மாதிரி அந்த மனிதர். அவரைச் சுற்றி இருக்கும் வெறுமைதான் அவரது கையாலாகாத நிலையைக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் கொஞ்சம் நறுக்கினால் கூடம் சிறுத்துவிடுகிறது, அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம் குறைந்துவிடுகிறது. அப்புறம் அவர் ஏன் தவிக்கிறார்?

முப்பது வயதில் எடுத்த முடிவை அறுபது வயதில் மாற்ற ஒரு கலைஞருக்கு உரிமை உண்டு. அந்தப் பதிப்பும் இருக்கட்டும். ஆனால் மறுசீரமைப்பு என்ற பெயரில் வெளியிடுவது, அன்று திரையில் விழுந்த படமாக இருக்க வேண்டும்.

---

மழைக்கோட்டு எழுதியது:

எடுத்தவரிடம் கேட்க முடிகிற படத்திலேயே இத்தனை சிக்கல். கேட்க ஆளே இல்லாத படத்துக்கு என்ன செய்வது? இயக்குநர் மரியோ பாவா 1980இல் இறந்துவிட்டார். அவருடைய 'ப்ளட் அண்ட் ப்ளாக் லேஸ்' (1964) வண்ணத்தாலேயே நிற்கிற படம். ரோமில் ஓர் ஆடை அலங்கார நிலையம், அதில் வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் ஓர் அறையின் மூலையில் பச்சை, அடுத்த மூலையில் ஊதா, திரைச்சீலையில் சிவப்பு, நடுவில் ஆளில்லாத துணிப்பொம்மைகள். பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். எந்த விளக்கும் எந்த ஜன்னலும் இல்லாத இடத்திலிருந்தும் வண்ண ஒளி வரும்.

அந்தக் காலத்து ஈஸ்ட்மேன்கலர் (கோடக் நிறுவனத்தின் வண்ண ஃபிலிம்) பிரிண்டுகள் நாள்பட நாள்பட மற்ற நிறங்களை இழந்து செங்கருநீலமாகச் சுருங்கிவிடும். அதை ஆதாரமாக வைத்து வண்ணம் கூட்டினால் தவறுதான் வரும். சாய அச்சு பிரிண்ட் ஒன்று கிடைத்தால் அதுவே சாட்சி, அதில் சாயம் போகாது. அது கிடைக்காதபோது வண்ணம் கூட்டுகிறவரின் ரசனை உள்ளே நுழைந்துவிடுகிறது. சில ஆண்டுகளாக ஐரோப்பிய மறுசீரமைப்புகள் பலவற்றின் மேல் ஒரு மஞ்சள் சாயல் படர்ந்திருக்கிறது என்ற புகார் உண்டு. வெள்ளைச் சட்டை வெண்ணெய் நிறத்தில், வானம் பச்சை கலந்து. பாவா படத்தில் அப்படி ஒரு போர்வை விழுந்தால் ஊதா செத்துவிடும். ஆரோ 2015இல் நெகட்டிவிலிருந்து கொண்டுவந்த ப்ளூரேயில் அந்த ஊதா உயிரோடு இருக்கிறது. அதைத் தைரியமாக வாங்கலாம்.

---

கறுப்புக்கையுறை எழுதியது:

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். காது?

'ஒரிஜினல் மொழியில் பார்க்க வேண்டும், அதனால் இத்தாலிய மொழி' என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தக் கால இத்தாலியில் படப்பிடிப்பில் பேசியதை அப்படியே படத்தில் வைப்பதில்லை, பின்னால் டப்பிங் செய்தார்கள். இங்கிலாந்துக்காரர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரில் இருப்பவர் இத்தாலிய மொழியில் பதில் சொல்வார். அதனால் இத்தாலிய ஒலி, ஆங்கில ஒலி இரண்டுமே டப்பிங்தான். 'ப்ரோஃபோந்தோ ரோஸ்ஸோ'வில் ஹெம்மிங்ஸின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். நல்ல டிஸ்க்கில் இரண்டு ஒலித்தடமும் இருக்கும். அதோடு இரண்டு விதமான சப்டைட்டிலும் இருக்க வேண்டும். பல பழைய டிவிடிகளில் ஆங்கில டப்பிங் வசனத்தையே இத்தாலியப் பேச்சுக்குக் கீழே ஒட்டியிருப்பார்கள். உதடு ஒன்று சொல்லும், எழுத்து வேறு சொல்லும். துப்பறியும் கதையில் ஒரு வார்த்தை மாறினால் துப்பே மாறிவிடும்.

அடுத்தது இசை. 'கிரிஸ்டல் ப்ளூமேஜ்' படத்துக்கு எண்ணியோ மோரிகோனே இசையமைத்தார். அதில் எத்தா தெல்லோர்ஸோவின் குரல், வார்த்தையே இல்லாமல், பாட்டும் பெருமூச்சுமாக வரும். பழைய ஒலித்தடத்தில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலை எடுக்கிறேன் என்று வடிகட்டியை அழுத்திப் போட்டால் முதலில் போவது அவருடைய மூச்சுதான். நான் எந்த டிஸ்க் வாங்கினாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இசையைக் கேட்பேன். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் நிம்மதி. 5.1 என்று பல ஒலிபெருக்கிகளுக்குப் புதிதாகப் பிரித்துப் போட்டதை விட்டுவிட்டு ஒற்றை ஒலித்தடமான மோனோவில் கேளுங்கள்.

---

நெல்லிமரம் எழுதியது:

ஒரு மாறுபட்ட கருத்து. நானும் இந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன், கலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெண்களைக் கொல்வதை இத்தனை அழகாகக் காட்டுகிற படங்களை இன்னும் கூர்மையாகத் துடைத்துக் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. மழைக்கோட்டு சொன்ன ஊதாவும் பச்சையும் விழுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடலின் மேல்.

---

மழைக்கோட்டு எழுதியது:

நெல்லிமரம், நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். எனக்கும் பார்க்க முடியாத படங்கள் உண்டு. இயக்குநர் லூசியோ ஃபுல்சியின் 1982ஆம் ஆண்டுப் படமான 'தி நியூயார்க் ரிப்பர்' படத்தை ஒரு தடவையோடு நிறுத்திவிட்டேன்.

ஆனால் வெட்டுவது பதில் இல்லை என்று நினைக்கிறேன். பிரிட்டனில் 1984இல் வீடியோ சட்டம் வந்த சமயத்தில் அர்ஜெண்டோவின் 'டெனெப்ரே', பாவாவின் 'எ பே ஆஃப் ப்ளட்' எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. 'டெனெப்ரே'யின் கதையே என்ன? ஒரு குற்றக்கதை எழுத்தாளரிடம் ஒரு பத்திரிகையாளர் 'உங்கள் நாவல்கள் பெண்களை ஏன் இப்படி நடத்துகின்றன' என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார். நீங்கள் கேட்கும் கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவில் அதை 'அன்சேன்' என்று பெயர் மாற்றிப் பத்து நிமிடம்போல் வெட்டி வெளியிட்டார்கள். வெட்டிய பதிப்பைப் பார்த்தவருக்கு அந்த வாதம் முழுதாகக் கிடைத்திருக்காது.

---

நெல்லிமரம் எழுதியது:

வெட்டச் சொல்லவில்லை. முழுதாகவே வரட்டும். கொண்டாடும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். 'டெனெப்ரே'யை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பார்க்கிறேன்.

---

பழைய_சுருள் எழுதியது:

கூர்மை பற்றி ஒன்று. 1971இல் வந்த ஃபுல்சியின் 'எ லிஸார்ட் இன் எ வுமன்ஸ் ஸ்கின்' படத்தில் நாய்கள் வரும் ஒரு காட்சி உண்டு. நிஜ நாய்களை வதைத்தார்கள் என்று வழக்கே வந்தது. படத்தின் தந்திரக்காட்சிக் கலைஞர் கார்லோ ராம்பால்தி, தான் செய்த பொம்மைகளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. அன்றைய பிரிண்டில் அவ்வளவு நம்பும்படி இருந்திருக்கிறது. பின்னாளில் 'ஈ.டி.' பொம்மையைச் செய்ததும் அவர்தான். தெளிவான ஸ்கேனில் பார்த்தால் அந்தக் கைவேலை தெரிகிறது. எனக்கு அது படத்தைக் கெடுக்கவில்லை, அந்த மனிதர் மேல் மரியாதைதான் கூடியது.

---

கண்ணாடிக்கதவு எழுதியது:

வாங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ப்ளூரே டிஸ்க்குகளை எந்த நாட்டில் ஓட வேண்டும் என்று ஏ, பி, சி என்ற மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம். அமெரிக்க டிஸ்க் ஏ, பிரிட்டன் டிஸ்க் பி. மண்டலம் பூட்டிய டிஸ்க் நம் ஊர் பிளேயரில் ஓடாது. சிங்கப்பூர், மலேசிய நண்பர்களுக்கு ஏ மண்டலம் என்பதால் அமெரிக்க டிஸ்க் அப்படியே ஓடும். 4கே டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது, ஆனால் அதோடு பெட்டியில் வரும் ப்ளூரேக்கு இருக்கலாம். என் முதல் பிரிட்டன் டிஸ்க்கை மூன்று மாதம் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், பிளேயர் மாற்றும்வரை.

---

ரோமாபுரி எழுதியது:

பெரிய பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். செர்ஜியோ மர்த்தினோவின் 'ஆல் த கலர்ஸ் ஆஃப் த டார்க்' (1972), பெரூஜா நகரத்தில் எடுத்த 'டோர்ஸோ' (1973), ஆல்தோ லாதோ வெனிஸில் எடுத்த 'ஹூ சா ஹெர் டை?' (1972), தல்லமானோவின் 'வாட் ஹேவ் யூ டன் டு சொலாஞ்ச்?' (1972). எனக்கு இதில் கடைசிப் படம்தான் எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். லண்டன் பள்ளி ஒன்றில் நடக்கும் கதை, மோரிகோனே இசை. முடிவு தெரிந்தபிறகு எனக்கு ஏற்பட்டது பயம் இல்லை, துக்கம். தல்லமானோ ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். அந்த மங்கிய பச்சைப் புல்வெளியை நல்ல டிஸ்க்கில் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்கதவு, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இரண்டு டிஸ்க்கையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஓவியக்கூடக் காட்சியில் நீங்கள் சொன்னது சரி. தூரம் குறைகிறது. ஆனாலும் 2:1 டிஸ்க்கை விற்க மாட்டேன், அது ஸ்தோராரோ தன் வேலையைத் திரும்பிப் பார்த்த விதம்.

---

இரவுக்காட்சி எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். 'ப்ரோஃபோந்தோ ரோஸ்ஸோ' 127 நிமிடப் பதிப்பு, நேற்று இரவு, இத்தாலிய மோனோவில் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல்.

நடைபாதைக் காட்சி வரும்போது கண் இமைக்காமல் பார்த்தேன். இந்த இழையைப் படித்திருந்ததால் தயாராகவே இருந்தேன். ஓவியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. ஹெம்மிங்ஸ் ஓடுகிறார், கேமராவும் கூடவே போகிறது. ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

கடைசியில் அவர் அங்கே திரும்பி வந்து நின்றபோதுதான் புரிந்தது. படம் முடிந்ததும் முதல் தடவை வந்த அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் ஃப்ரேமை நிறுத்தினேன். இருந்தது. இடது பக்கம், எந்தத் தந்திரமும் இல்லாமல், அப்படியே. நான் நேராக அதைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

---

கண்ணாடிக்கதவு எழுதியது:

அம்மா கண்டுபிடித்தார்களா?

---

இரவுக்காட்சி எழுதியது:

ஓடவிட்டுக் காட்டினேன், கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. இப்போது முதலிலிருந்து முழுப் படமும் பார்க்க வேண்டும் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்க்கிறோம். அடுத்ததாக 'கிரிஸ்டல் ப்ளூமேஜ்' வாங்கப் போகிறேன், 2017 பதிப்பு.